கெர்கினும் கக்கரியும்: ஒரு பழைய குறிப்பைத் திருத்துகிறேன்

ஆறு வருஷத்துக்கு முன்னால் என் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். "கெர்கின் என்ற ஆங்கிலச் சொல் கக்கரியிலிருந்து வந்தது. பயிர் இந்தியாவில் பிறந்தது, பெயரும் இங்கிருந்துதான் போயிருக்கணும்." அவ்வளவுதான். அதற்குக் கீழே ஆதாரம் எதுவும் இல்லை. ஒரு ஆச்சரியக்குறி மட்டும் இருக்கு.

குறிப்பேட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இதை நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அப்பளத்தை நொறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். அந்த முகத்தில் தெரிந்த சந்தோஷம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. போன மாதம் அதே கருத்து, கொஞ்சம் மெருகேறி, வாட்ஸப் வழியாக என்னிடமே திரும்பி வந்தது. ‘ஆய்வாளர்கள் கூறுகிறார்கள்’ என்று ஆரம்பித்திருந்தது. அந்த ஆய்வாளர் நானாகவும் இருக்கலாம் என்று நினைத்தபோது கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது. அதனால் இந்தக் கட்டுரை முதலில் என்னுடைய வரிக்கு எதிரான விமர்சனம். அதற்கப்புறம்தான் மற்றவர்கள்.

முதலில் பொருள்

பர்கருக்குள் வட்ட வட்டமாக நறுக்கி வைத்திருப்பார்களே, புளிப்பாக, கடித்தால் நறுக்கென்று இருக்கும், பாதிப் பேர் எடுத்து ஓரமாக வைத்துவிடுவார்களே, அதுதான் கெர்கின். பிரிட்டனில் கெர்கின் என்பார்கள், அமெரிக்காவில் வெறுமனே பிக்கிள் என்பார்கள். நம்மூரில் ‘ஜெர்கின்’ என்று படித்துவிட்டு, குளிருக்குப் போடுகிற மேல்சட்டை எப்படி ஊறுகாய் ஆச்சு என்று குழம்புகிறவர்களும் உண்டு. இரண்டும் வேறு வேறு சொற்கள். இந்தக் குழப்பம் வரக்கூடாது என்பதால்தான் பின்னாளில் ஆங்கிலத்தில் முதலெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு ‘எச்’ சேர்த்தார்கள். அது இல்லாவிட்டால் ‘ஜெ’ என்று வாசித்துவிடுவார்கள் என்ற பயம். 1661 டிசம்பரில் லண்டன்காரர் சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில் இதைப் பற்றி எழுதியபோது அந்த ‘எச்’ கிடையாது. தெரிந்த கேப்டன் ஒருவர் மனைவிக்குக் கொடுத்த கெர்கின் ஜாடியைத் திறந்ததையும், அது அபூர்வமான பண்டம் என்பதையும் குறித்து வைத்திருக்கிறார். ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குக் கிடைக்கிற மிகப் பழைய பதிவுகளில் இது ஒன்று.

கெர்கின் தனிச் செடி இல்லை என்பதைக் கவனிக்கணும். சாலட்டில் போடுகிற வெள்ளரியும் இதுவும் ஒரே இனம்தான், குக்குமிஸ் சட்டைவஸ். ரகம் வேறு, பறிக்கிற பருவம் வேறு. பிரெஞ்சுக்காரர்கள் இதையே கோர்னிஷோன் என்பார்கள். ‘குட்டிக் கொம்பு’ என்று பொருள். பூ உதிர்ந்த கையோடு வளைந்து நிற்கிற பிஞ்சைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் உடனே புரியும்.

வெஸ்ட் இண்டியன் கெர்கின் என்று இன்னொன்று இருக்கு. அதுதான் தனி இனம், பெயர் குக்குமிஸ் அங்கூரியா. உடம்பெல்லாம் மென்முள் இருக்கும். கரீபியன் தீவுகளில் விளைந்ததால் அமெரிக்கக் கண்டத்துச் செடி என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 1958இல் மெய்யூசே என்ற தாவரவியலாளர், இதன் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுச் செடி என்று காட்டினார். அடிமை வணிகக் கப்பல்களோடு கடல் கடந்திருக்கிறது. பெயரில் ‘வெஸ்ட் இண்டியன்’ இருக்கு, பிறப்பு ஆப்பிரிக்காவில். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

என் வாதம், அதன் பலமான வடிவத்தில்

ஒரு கருத்தை மறுக்கும்போது அதன் நோஞ்சான் வடிவத்தை அடித்துவிட்டு ஜெயித்தேன் என்று சொல்லக்கூடாது. அதனால் கக்கரி வாதத்தை எவ்வளவு பலமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பலமாகச் சொல்கிறேன்.

ஒன்று, வெள்ளரியின் காட்டு மூதாதை இன்றும் இமயமலை அடிவாரத்தில் வளர்கிறது. பயிராக்கியது இந்தியாவில்தான் என்பதில் பெரிய சண்டை இல்லை. இரண்டு, தமிழில் கக்கரி என்ற சொல் இருக்கு. மலையாளத்தில் கக்கிரி, சமஸ்கிருதத்தில் கர்க்கடீ. மூன்று, கர்க்கடீயில் க-ர்-க், கெர்கினில் க-ர்-க். நான்கு, இஞ்சி, அரிசி மாதிரி இங்கிருந்து பொருளோடு பெயரும் மேற்கே போன கதைகள் நமக்குத் தெரியும். இதுவும் போயிருக்கலாமே?

கேட்க நன்றாகத்தான் இருக்கு. எங்கே உடைகிறது?

சொல்லைப் பின்னோக்கி நடத்திப் பாருங்கள். ஆங்கில கெர்கின் டச்சு மொழியிலிருந்து வந்தது. அங்கே அது அவுகுர்க், சுருக்கமாக குர்க். ஜெர்மனில் குர்க்கே, டேனிஷில் அகுர்க். இவை கிழக்கே ஸ்லாவிய மொழிகளிலிருந்து வந்தவை: போலிஷில் ஒகூரெக், ருஷ்யனில் அகுரேத்ஸ். ஸ்லாவியச் சொல்லுக்குப் பின்னால் இடைக்காலக் கிரேக்கத்தின் அங்கூரியோன். இன்றைக்கும் ஏதென்ஸ் காய்கறிக் கடையில் வெள்ளரிக்கு அங்கூரி என்றுதான் பெயர்.

இப்போது அந்தக் க-ர்-க்-ஐ மறுபடி பாருங்கள். கடைசியில் வருகிற ‘க்’ எங்கிருந்து வந்தது? போலிஷ் ஒகூரெக்கில் இருக்கிற ‘-எக்’ ஒரு விகுதி. ருஷ்யனில் அதே இடத்தில் ‘-எத்ஸ்’ இருக்கு, க் இல்லை. கிரேக்க அங்கூரியில் கேட்கவே வேண்டாம், கடைசி ‘க்’ கிடையவே கிடையாது. ஆக, நான் கர்க்கடீயோடு பொருத்திப் பார்த்த மூன்று மெய்களில் ஒன்று நடுவழியில் போலந்துப் பக்கம் ஒட்டிக்கொண்ட வால். கடைசி ‘-இன்’னும் அப்படித்தான். அது டச்சுக் குறுமை விகுதி என்று ஒரு தரப்பு சொல்கிறது. டச்சுப் பன்மை ‘குர்க்கென்’ என்பதை ஆங்கிலேயர் ஒருமை என்று தப்பாக எடுத்துக்கொண்டார்கள் என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. எதுவானாலும் அது வேர் இல்லை. முன்னால் இருந்த உயிரெழுத்தும் வழியில் உதிர்ந்துவிட்டது.

வாலையும் வழியில் உதிர்ந்ததையும் கணக்கில் எடுத்தால் மிச்சம் இருப்பது அ-ங்-கூ-ர். இதைக் கர்க்கடீயோடோ கக்கரியோடோ வைத்துப் பாருங்கள். ஒப்புமை எங்கே? ஒரு க, ஒரு ர. க-வும் ர-வும் மட்டும் போதும் என்றால் கூர், காரம், குருத்து, கேரட் எல்லாமே உறவுதான்.

என் பிழை இதுதான். நான் ஒரு சொல்லின் கடைசி வடிவத்தை எடுத்து, இன்னொரு சொல்லின் முதல் வடிவத்தோடு ஒப்பிட்டேன். பேரனின் மீசையைப் பார்த்து, பக்கத்து ஊர்க் கொள்ளுத்தாத்தாவுக்குச் சொந்தம் என்று முடிவு கட்டிய மாதிரி. மீசை பேரன் தானாக வைத்துக்கொண்டது.

செடி போன வழியும் சொல் போன வழியும்

இரண்டாவது தப்பு இதைவிடப் பெரியது. செடி எங்கிருந்து போனதோ அங்கிருந்தே பெயரும் போயிருக்கணும் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. மேலே சொன்ன முள் கெர்கினைப் பாருங்கள். செடி ஆப்பிரிக்கா, ஊர்ப்பெயர் கரீபியன், இனப்பெயர் கிரேக்கத்திலிருந்து வந்தது. அதே அங்கூரியா இத்தாலியின் வடக்கே போனால் தர்ப்பூசணி. சொல்லுக்குக் காலும் உண்டு, கூடுவிட்டுக் கூடு பாய்கிற வித்தையும் தெரியும்.

நம் வீட்டிலேயே இது நடக்கிறது. கேரளத்தில் விஷுவுக்கு வைக்கிற கணிவெள்ளரியின் பெயரில் வெள்ளரி இருக்கு. தாவரவியல்படி அது முலாம்பழத்தின் இனம், குக்குமிஸ் மேலோ. அதே கேரளத்தில் நாம் வெள்ளரிக்காய் என்று சொல்வது கக்கிரி. எல்லை தாண்டினால் பெயர் தோள் மாறிவிடுகிறது. வரலாற்றிலும் இதே கதைதான். பழைய ரோமானியர்களின் குக்குமிஸ் என்றால் இன்றைய வெள்ளரி என்றுதான் பலகாலம் மொழிபெயர்த்தார்கள். படங்களையும் வர்ணனைகளையும் ஒப்பிட்டுப் பார்த்த தாவர வரலாற்றாளர்கள், அது நீளமான முலாம்பழ வகையாகத்தான் இருக்கணும் என்கிறார்கள். எகிப்தை நினைத்து இஸ்ரவேலர்கள் ஏங்குவதாக பைபிளில் வருகிற ‘வெள்ளரிக்காய்’ பற்றியும் இதே கருத்துதான். உண்மையான வெள்ளரி ஐரோப்பாவுக்கு வந்தது இடைக்காலத்தில். கிழக்கு ஐரோப்பாவுக்குத் தரைவழியாக வந்தபோது அங்கே அதற்குப் புதுப்பெயர் தேவைப்பட்டது. அங்கூரி குடும்பத்துச் சொற்கள் பெரும்பாலும் கிழக்கிலும் வடக்கிலும் இருப்பதும், மேற்கே பழைய லத்தீன் பெயரே புதுக் காய்க்கு இடம் கொடுத்ததும் இதோடு பொருந்துகிறது.

அகராதிகள் மேலும் ஒரு குறை

என்னை மட்டும் திட்டிக்கொண்டால் போதாது. ஆங்கில அகராதிகள் சிலவற்றில் அங்கூரியோனுக்கு மேலே ஒரு படி போட்டு ‘பாரசீகம்’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். தர்ப்பூசணியைக் குறிக்கும் அங்காரா என்ற பாரசீகச் சொல்லாம். அதோடு சேர்த்து, இந்தியிலும் உருதுவிலும் திராட்சைக்குச் சொல்கிற அங்கூர் ஞாபகம் வந்து நமக்கும் ஒரு கிளுகிளுப்பு. ஆனால் பல சொற்பிறப்பு அறிஞர்கள் இதை ஏற்கவில்லை. அகராதியில் ‘என்பர்’, ‘ஒருவேளை’ என்று இருந்த சின்ன எழுத்துகள், அதைப் பார்த்து எழுதுகிற பத்திரிகைக் குறிப்புகளில் காணாமல் போய்விடுகின்றன. நான் எழுதிய வரிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கிழக்கிலிருந்து வந்த காய் என்றால் பெயரும் கிழக்கிலிருந்தே வந்திருக்கணும் என்ற அதே அவசரம்தான். எனக்குத் தமிழ் ஆசை, அவர்களுக்குப் பாரசீக ஆசை.

இன்னொரு விளக்கம் இருக்கு. கிரேக்கத்திலேயே அகூரோஸ் என்ற சொல் உண்டு. ‘பழுக்காதது, பக்குவத்துக்கு வராதது’ என்று பொருள். இன்றைய கிரேக்கத்திலும் காயாக இருக்கிற பழத்துக்கு அதைத்தான் சொல்கிறார்கள். அதிலிருந்து ‘பழுக்காமல் தின்பது’ என்ற பொருளில் அங்கூரியோன் வந்தது என்பது இந்த வாதம். நடுவில் அந்த ‘ங்’ எப்படி நுழைந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதுதான் இதன் பலவீனம். ஆனால் பொருள் பக்கம் பார்த்தால் ரொம்ப உறுதியாக நிற்கிறது. முலாம்பழ வகைகளைப் பழுக்கவிட்டும் தின்னப் பழகிய ஒரு ஊருக்குப் புதுசாக ஒரு காய் வருகிறது. இதைப் பழுக்கவிட்டால் கெட்டுப்போகும், பச்சையாகவே பறிக்கணும். முதலில் கண்ணில் படுகிற குணம் அதுதானே?

இரண்டில் எனக்கு இதுவே நெருக்கமாகப் படுகிறது. காரணம், தமிழ். வேர் தமிழில் இருக்கிறது என்று சொல்லவில்லை. காயின் பருவத்துக்குப் பெயர் வைப்பது எவ்வளவு இயல்பானது என்று தமிழ் தெரிந்தவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

பிஞ்சு என்ற அறிவு

பஸ் ஸ்டாண்டில் கூடையோடு ஏறுகிற அம்மா என்ன கூவுகிறார்? "வெள்ளரிப் பிஞ்சேய்!" வெள்ளரிக்காய் என்று இல்லை. பிஞ்சு வேறு, காய் வேறு, பழம் வேறு. விலையும் வேறு. பாவாணர் இந்த வகைச் சொற்களை ஒரு பட்டியலாகவே தொகுத்துக் காட்டினார். மாம்பிஞ்சு வடு, பலாப்பிஞ்சு மூசு, தென்னையிலும் பனையிலும் குரும்பை, வாழையில் கச்சல், எள்ளில் கவ்வை, இளம்பாக்குக்கு நுழாய். எத்தனை தடவை படித்தாலும் சலிக்காத பட்டியல்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆகணும். அதே பாவாணர்தான் உலகச் சொற்கள் பலவற்றுக்குத் தமிழ் வேர் காட்டியவரும். அந்த வேர்கள் பலவற்றை இன்றைய மொழியியல் ஏற்பதில்லை. ஒலி ஒப்புமைக்கு அவர் கொடுத்த இடம் அதிகம், இடைப்பட்ட மொழிகளின் வரலாற்றுக்குக் கொடுத்தது குறைவு. ஆனால் நாம் அவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டோம்? உழைத்துச் சேகரித்த பட்டியலை விட்டுவிட்டு, ஒலியை வைத்து முடிவு கட்டுகிற சுலபமான பகுதியைப் பிடித்துக்கொண்டோம். என் ஆறு வருஷத்துக் குறிப்பும் அந்த ரகம்தான். மூசு, கச்சல், நுழாய் என்று நம்மில் எத்தனை பேர் வாயில் வருகிறது? கெர்கின் நம்முடையது என்று நிரூபிக்கக் காட்டுகிற வேகத்தில் பாதியை, நிஜமாகவே நம்முடையதாக இருக்கிற நுழாயைக் காப்பாற்றுவதில் காட்டலாம்.

கெர்கினை ஒரு தமிழருக்கு எப்படி விளக்கலாம் என்று யோசித்துப் பார்த்தேன். ‘வெள்ளரி ஊறுகாய்’ என்றால் எண்ணெயும் மிளகாய்ப்பொடியும்தான் கண்முன் வரும். தப்பு. மாவடுதான் சரியான உவமை. பிஞ்சிலே பறித்து, முழுசாக, நறுக்காமல், உப்புநீரில் ஊறப்போடுவது. மாவடுவை யாரும் ‘சிறிய ஊறவைத்த மாங்காய்’ என்று சொல்வதில்லை. அதற்கென்று ஒரு சொல் இருக்கு. ஆங்கிலேயருக்கு கெர்கின் அப்படி ஒரு சொல். 2003இல் லண்டனில் கட்டி முடித்த, 180 மீட்டர் உயரமான கண்ணாடிக் கட்டடத்துக்கு கெர்கின் என்றே பட்டப்பெயர் வைக்கிற அளவுக்கு அது அவர்கள் வீட்டுச் சொல். ஜெர்மனியின் ஸ்ப்ரேவால்ட் பகுதி குர்க்கேவுக்கு 1999 முதல் ஐரோப்பியப் புவிசார் குறியீடு உண்டு. அந்த ஜாடியைத் தேடி ஒரு மகன் பெர்லின் முழுக்க அலைவதை ‘குட் பை லெனின்’ படத்தில் பார்த்திருப்பீர்கள்.

மாமாவின் சொல்

கடைசியாக, இந்தச் சொல் நிஜமாகவே தமிழ்நாட்டுக்கு வந்த கதை. 1990களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் ஏற்றுமதிக்காக கெர்கின் சாகுபடி ஆரம்பித்தது. அங்கிருந்து தமிழ்நாடு, ஆந்திரா, தெலங்கானா பக்கம் பரவியது. எல்லாம் ஒப்பந்த விவசாயம். மத்திய அரசு வெளியிட்ட கணக்குப்படி 2020-21இல் வெள்ளரியும் கெர்கினுமாக 2,23,000 டன்னுக்கு மேல் ஏற்றுமதி, மதிப்பு சுமார் 22 கோடி டாலர். ஏறத்தாழ 90,000 சிறு, குறு விவசாயிகள், 65,000 ஏக்கர். உலகத்திலேயே அதிகமாக ஏற்றுமதி செய்கிற நாடு இந்தியா என்று அப்போது அறிவித்தார்கள்.

திண்டுக்கல் பக்கம் என் மாமா ஒருவர் இரண்டு போகம் போட்டார். அவர் வாயில் கெர்கின் என்ற சொல் வந்ததே இல்லை. ‘கம்பெனிக்காய்’ என்பார். தரம் பிரிப்பது எண்ணிக்கையில்: ஒரு கிலோவுக்கு 160 காய்க்கு மேல் நின்றால் உயர்ந்த விலை, அப்புறம் 100, 60 என்று இறங்கும். காய் பெருசானால் காசு சிறுசாகும். ஒருநாள் பறிக்கத் தவறினால் அடுத்தநாள் கீழ்த்தரத்துக்குப் போய்விடும். "மாப்ளே, வளர வளர நஷ்டம் வர்ற ஒரே வெள்ளாமை இதுதான்" என்று சிரிப்பார். பெருத்த காயை உள்ளூர்ச் சந்தையில் கேட்பாரில்லை, மாட்டுக்குத்தான் போட்டார். இரண்டாவது போகத்தோடு நிறுத்திவிட்டார்.

கக்கரி வாதத்தை நான் முதலில் சொன்னது அவரிடம்தான். அவர் கேட்டுவிட்டு, "நம்ம பேருன்னா நமக்கு ஏன்டா அந்தப் பேரு தெரியல?" என்றார். அப்போது அதை வெள்ளந்தியான கேள்வி என்று நினைத்துச் சிரித்தேன். இப்போது பார்த்தால் முறையான ஆட்சேபம் அதுதான். ஒரு சொல் ஒரு வழியாகப் போயிருந்தால் வழியில் யாராவது அதை வைத்திருக்கணும். இடையில் இருக்கிற மொழிகளில் தடயம் எங்கே என்றுதான் அவர் கேட்டிருக்கிறார்.

பழைய வரியைக் குறிப்பேட்டில் ஒரு கோடு போட்டு அடித்திருக்கிறேன், படிக்கிற மாதிரியே. பக்கத்தில் புதுசாக எழுதியது இது: "கெர்கின்: ஆங்கிலத்துக்கு டச்சிலிருந்து, டச்சுக்கு ஸ்லாவியத்திலிருந்து, அதற்கு இடைக்காலக் கிரேக்கத்திலிருந்து. அதற்கு மேலே ‘பழுக்காதது’ என்ற பொருள் இருக்கலாம், முடிவாகவில்லை. கக்கரியோடு உறவில்லை. செடி மட்டும் நம்மூரிலிருந்து போனது." ஆச்சரியக்குறி போடவில்லை.

அந்தக் கல்யாணப் பந்திக்காரரைத்தான் எப்படிக் கண்டுபிடிப்பது என்று தெரியவில்லை. அவர் இதைப் படித்தால், மன்னிக்கணும் சார். நுழாய் என்றால் இளம்பாக்கு. அன்றைக்கு அதைச் சொல்லியிருக்கலாம்.